இணையம் இல்லாத ஊரிலும் டிஜிட்டல் வகுப்பறை

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் இணையத்துக்கு மாறின. அப்போது யுனிசெஃப்பும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து ஒரு கணக்கெடுத்தன. உலகில் 3 முதல் 17 வயதுவரையுள்ள பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 130 கோடிப் பேர், வீட்டில் இணையம் இல்லாதவர்கள் என்று 2020 டிசம்பரில் தெரியவந்தது. இவர்களில் பெரும்பாலோர் ஏழை நாடுகளின் குழந்தைகள். செல்பேசிக் கோபுரமும் கண்ணாடி இழைக் கம்பியும் ஊருக்கு வந்துசேரும்வரை இவர்கள் காத்திருக்கத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. குழாய் வராத ஊரில் கிணறு வெட்டிக்கொள்வதுபோல, இணையம் வராத பள்ளியிலும் பாடங்களை உள்ளேயே தேக்கிவைக்க முடியும்.

வைஃபை வேறு, இணையம் வேறு

வைஃபையும் இணையமும் ஒன்றே என்று பலர் நினைக்கிறோம். அருகருகே உள்ள கருவிகளை ரேடியோ அலையால் இணைப்பதுதான் வைஃபையின் வேலை. வெளியுலகத் தொடர்பு அதற்குக் கட்டாயமில்லை. உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் பாடங்களை ஏற்றி வகுப்பில் வைத்தால், அதுவே வைஃபை பரப்பும். சுற்றியுள்ள பிள்ளைகள் செல்பேசியிலோ டேப்லட்டிலோ அவற்றைத் திறந்து படிக்கலாம். டேட்டா செலவே இல்லை. சில வாட் மின்சாரம்தான் தேவை என்பதால் சிறிய சோலார் பலகையும் பேட்டரியும் போதும்.

இவ்வளவு பாடங்கள் எப்படி அதற்குள் அடங்குகின்றன? ‘கிவிக்ஸ்’ என்ற இலவச மென்பொருள் விக்கிப்பீடியா போன்ற தளங்களின் கட்டுரைகளைத் தொகுதி தொகுதியாகச் சுருக்கி, எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையோடு ஒரே கோப்பில் வைக்கிறது. ஒரு கட்டுரையைக் கேட்டால் அது உள்ள தொகுதி மட்டுமே விரியும். அதனால் சிறு கணினியும் திணறுவதில்லை. ஆங்கில விக்கிப்பீடியா முழுவதும் படங்களோடு சுமார் 100 ஜிபிதான். ஒரு மெமரி கார்டில் அடங்கிவிடும். ‘கோலிப்ரி’ என்ற இன்னொரு இலவச மென்பொருளில் காணொளிகளும் பயிற்சிக் கணக்குகளும் உண்டு. எந்த மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்பதை ஆசிரியர் அதிலேயே பார்க்கலாம். புதிய பாடங்களை நகரத்திலிருந்து பென் டிரைவில் கொண்டுவந்து சேர்த்துக்கொள்ளலாம்.

தான்சானியாவில் கிடைத்த விடை

இணையம் இல்லாமல் பிள்ளைகள் உண்மையிலேயே கற்பார்களா? தான்சானியாவின் டாங்கா பகுதியில் 170 கிராமங்களில் இதைச் சோதித்தார்கள். கற்பிக்கும் மென்பொருள்களுக்கான ‘குளோபல் லேர்னிங் எக்ஸ்பிரைஸ்’ போட்டிக்காக, சுவாஹிலி மொழிப் பாடங்கள் ஏற்றிய டேப்லட்டுகள் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டன. அவற்றுக்கு மின்னேற்ற ஊர்தோறும் சோலார் நிலையம் அமைத்தார்கள். அந்தக் குழந்தைகளில் நான்கில் மூன்று பங்கினர் பள்ளிக்கே போனதில்லை என்று சொன்னவர்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சுவாஹிலியில் ஒரு சொல்லைக்கூட வாசிக்கத் தெரிந்திருக்கவில்லை. 15 மாதங்களுக்குப் பிறகு, வாசிக்கவே தெரியாதவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. 2019 மே மாதம் ஒரு கோடி டாலர் பரிசை ‘ஒன்பில்லியன்’, ‘கிட்கிட் ஸ்கூல்’ ஆகிய இரு குழுக்கள் பகிர்ந்துகொண்டன.

பெரு தரும் எச்சரிக்கை

கருவியை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாடு சாட்சி. ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தின் கீழ் அங்கே எட்டு லட்சத்துக்கும் அதிகமான கணினிகள் வழங்கப்பட்டன. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012-இல் வெளியானது. பொதுவான சிந்தனைத் திறனில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் மாற்றம் இல்லை. கணினி வந்தபோதும் வகுப்பில் பாடம் நடத்தும் முறை மாறவில்லை. அதைக் கொண்டு எப்படிக் கற்பிப்பது என்று ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சியும் வழிகாட்டலும் கிடைக்கவில்லை.

ஆகவே, டிஜிட்டல் வகுப்பறைக்குத் திட்டமிடும் அரசுகள் எத்தனை கருவி வாங்குவது என்பதிலிருந்து தொடங்கக் கூடாது. பிள்ளைகளின் மொழியில் பாடம் இருக்கிறதா, ஆசிரியர் பயிற்சி பெற்றிருக்கிறாரா, மின்சாரத்துக்கு வழி உண்டா, பழுதானால் சரிசெய்ய ஆள் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும். கருவி கடைசியில் வரட்டும்.

கிவிக்ஸில் தமிழ் விக்கிப்பீடியாவும் இலவசமாகக் கிடைக்கிறது. இணையம் சரியாக எட்டாத பள்ளி ஒன்றை நீங்கள் அறிந்திருந்தால், அதன் ஆசிரியரிடம் இதைச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களே ஏற்றிக்கொடுங்கள்.