ஓர் எழுத்து மாறினால் வாயில் திறந்துவிடும்
மென்பொருள் கையேட்டில் பிழை திருத்தம் – ஒரு மொழிப்பாடச் செயல்பாடு

திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். எங்கள் மாணவர்களின் பெற்றோர் பலர் பனியன் கம்பெனிகளிலும் பவர் டேபிள்களிலும் வேலை செய்கிறார்கள். தைத்து முடித்த துணி நேராகப் பெட்டிக்குள் போகாது என்பது இப்பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். செக்கிங் மேசையில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்ப்பார்கள்; பிசிர் வெட்டுவார்கள்; அதன் பிறகுதான் அயர்ன், பேக்கிங். ஆனால் எழுத்துக்கும் அப்படியொரு செக்கிங் தேவை என்றால், "பரீட்சையில் மார்க் குறையும், அவ்வளவுதானே சார்?" என்பார்கள்.

மதிப்பெண்ணுக்கு அப்பால் எழுத்துப்பிழைக்கு என்ன விலை என்று காட்ட, கடந்த சில ஆண்டுகளாக நான் பயன்படுத்தும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. கணினிகளைக் காக்கும் ஃபயர்வால் மென்பொருளின் கையேடுதான் அது. தமிழ், ஆங்கிலம், கணினி அறிவியல் ஆசிரியர்கள் மூவரும் சேர்ந்து நடத்தத்தக்க செயல்பாடு என்பதால் இங்கே விளக்குகிறேன்.

கேட்டில் நிற்கும் வாட்ச்மேன்

ஃபயர்வாலைத் தமிழில் தீயரண் என்றும் தீச்சுவர் என்றும் எழுதுகிறோம். மாணவர்களுக்கு எளிதில் புரிவது கம்பெனி வாட்ச்மேன் உவமைதான். அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. யார் உள்ளே வரலாம், எந்த வண்டி வெளியே போகலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. ஃபயர்வாலும் அப்படித்தான். வலையமைப்பு வழியாக வரும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் நிறுத்தி, எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்தப் போர்ட் எண்ணைக் கேட்கிறது என்று பார்த்து விதிகளோடு ஒப்பிடும். வழக்கமான வலைப்பக்கத்துக்கு 80, பாதுகாக்கப்பட்ட வலைப்பக்கத்துக்கு 443, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் எஸ்.எஸ்.எச். இணைப்புக்கு 22 என்று போர்ட் எண்கள் உள்ளன.

இந்த விதிகளை எழுதுபவர் ஒரு மனிதர். அவர் நம்பியிருப்பது கையேட்டை. லினக்ஸில் நெடுங்காலமாகப் பயன்படும் ஐ.பி.டேபிள்ஸில் விதிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும். அனுமதி என்றோ தடை என்றோ முடிவு சொல்லும் விதிகளில் முதலில் பொருந்துவதே செல்லும். ஓப்பன் பி.எஸ்.டி. இயங்குதளத்துக்காக 2001இல் உருவான பி.எஃப். என்ற ஃபயர்வாலில், பொதுவாகக் கடைசியாகப் பொருந்தும் விதியே செல்லும். உடனே முடிவெடுக்கச் சொல்லும் தனிச்சொல்லை விதியில் சேர்த்தால் மட்டும் அது மாறும். ஆகவே கையேட்டில் 'முதல்', 'கடைசி' என்ற இரு சொற்களில் ஒன்று இடம் மாறினால், படிப்பவர் அமைக்கும் பாதுகாப்பே தலைகீழாகிவிடும்.

பிழைதிருத்தி பிடிக்காத பிழைகள்

ஆங்கிலத்தில் 'இப்போது' என்று பொருள்படும் 'நவ்', 'இல்லை' என்று பொருள்படும் 'நாட்' இரண்டும் மூன்றெழுத்துச் சொற்கள். கடைசி எழுத்து மட்டுமே வேறு. "இந்தப் போர்ட் இப்போது மூடப்பட்டுள்ளது" என்ற வாக்கியம் அந்த ஓரெழுத்து மாற்றத்தால் "இந்தப் போர்ட் மூடப்படவில்லை" என்றாகிவிடும். இரண்டும் சரியான சொற்கள் என்பதால் கணினியின் எழுத்துப்பிழை திருத்தி சிவப்புக்கோடு போடாது. பொருள் உணர்ந்து வாசிப்பவரே கண்டுபிடிக்க முடியும்.

தமிழிலும் இப்படி உண்டு. கரும்பலகையில் இவ்விரு வாக்கியங்களை எழுதிப் பாருங்கள்:

1. தலைமையாசிரியர் கணினியிலிருந்து மட்டும் வலைப்பக்கத்தைப் பார்க்கலாம்.
2. தலைமையாசிரியர் கணினியிலிருந்து வலைப்பக்கத்தை மட்டும் பார்க்கலாம்.

முதலாவதில் பிற கணினிகளுக்கு அனுமதி இல்லை. இரண்டாவதில் பிற கணினிகளைப் பற்றிப் பேச்சே இல்லை. தலைமையாசிரியரின் கணினிக்குத்தான் கட்டுப்பாடு. 'மட்டும்' ஓர் இடம் நகர்ந்ததில் விதியே மாறிவிட்டது.

வேற்றுமை உருபுகளுக்கும் இங்கே நல்ல வேலை இருக்கிறது. 'கணினியிலிருந்து', 'கணினிக்கு' என்று உருபுகள் இருப்பதால் தமிழில் சொற்களை முன்பின்னாக மாற்றினாலும் திசை மாறாது. உருபு விட்டுப்போனால் பொட்டலம் எங்கிருந்து எங்கே போகிறது என்பதே தெரியாது. ஐந்தாம் வேற்றுமையையும் நான்காம் வேற்றுமையையும் மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவருக்கு, அவை எதற்கு என்பது இந்த இடத்தில் விளங்கும்.

வேண்டும், கூடாது, வேண்டாம்

இணையத்தின் தொழில்நுட்ப வரையறைகளை எழுதுவோர் இலக்கணத்தை எவ்வளவு கவனமாகக் கையாள்கிறார்கள் என்பதற்கு ஒரு சான்று: 1997 மார்ச்சில் வெளியான ஆர்.எஃப்.சி. 2119 என்ற ஆவணம். 'கட்டாயம் செய்ய வேண்டும்', 'செய்யவே கூடாது', 'செய்வது நல்லது', 'செய்யலாம்' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களுக்கு வரையறைகளில் எவ்வளவு வலிமை என்பதை விளக்குவதற்காகவே அது எழுதப்பட்டது. இச்சொற்கள் பெரிய எழுத்தில் வரும்போது மட்டுமே அந்தச் சிறப்புப் பொருளைத் தரும் என்று தெளிவுபடுத்த 2017இல் இன்னோர் ஆவணம் வந்தது.

இதையே தமிழில் செய்து பார்க்கலாம். "இந்தப் போர்ட்டைத் திறக்கக் கூடாது", "திறக்க வேண்டாம்", "திறக்க வேண்டியதில்லை" ஆகிய மூன்றும் ஒன்றா? கூடாது என்பது தடை. வேண்டியதில்லை என்றால் திறந்தாலும் குற்றமில்லை. வேண்டாம் என்பதைச் சிலர் தடையாகவும் சிலர் அறிவுரையாகவும் கொள்வர். கையேடு எழுதுபவர் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்டால் வகுப்பில் நல்ல விவாதம் நடக்கும்.

கை வைக்கக் கூடாத பிழைகள்

திருத்துபவர் முதலில் அறிய வேண்டியது, எதைத் தொடக்கூடாது என்பதை. ஒரு வலைப்பக்கத்துக்கு எங்கிருந்து வந்தோம் என்பதைச் சொல்லும் தலைப்புக்கு எச்.டி.டி.பி. வரையறையில் 'ரெஃபரர்' என்று பெயர். ஆங்கிலத்தில் நடுவே இரண்டு 'ஆர்' வர வேண்டிய அச்சொல்லில் ஒன்றுதான் இருக்கிறது. 1996இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1945இலேயே அப்படிப் பதிவாகிவிட்டது. அதற்குள் மென்பொருள்கள் அந்தப் பிழையான வடிவத்தையே பயன்படுத்தத் தொடங்கியிருந்ததால் இன்றுவரை மாற்றவில்லை. இப்போது யாராவது அதைச் 'சரியாக' எழுதினால், கணினிக்குத்தான் புரியாது.

ஆகவே விளக்க உரையைத் திருத்தலாம். கட்டளையைத் திருத்தக் கூடாது. கட்டளைகளில் வரும் இரண்டு சிறு கோடுகளைச் சில எழுதும் மென்பொருள்கள் தாமாகவே ஒரு நீண்ட கோடாக மாற்றிவிடும். அதை நகலெடுத்து இட்டால் கட்டளை இயங்காது. பார்வைக்கு அழகானது வேலைக்கு உதவாது. பிரிட்டன் எழுத்துமுறையும் அமெரிக்க எழுத்துமுறையும் வேறுபடும் இடங்களும் பிழைகள் அல்ல. அந்தக் கையேடு எதைப் பின்பற்றுகிறதோ அதை விட்டுவிட வேண்டும்.

டி-சர்ட்டுக்காகத் திருத்தியவர்கள்

திறமூல மென்பொருள்களின் கையேடுகளை யாரும் திருத்திப் பரிந்துரைக்கலாம். நெதர்லாந்தில் உருவாகி 2015இல் முதல் பதிப்பு வெளிவந்த ஓ.பி.என்.சென்ஸ் ஃபயர்வாலின் கையேட்டு மூலம் கிட்ஹப் தளத்தில் திறந்தே இருக்கிறது. திருத்தத்தை அனுப்பினால், பொறுப்பாளர் படித்துப் பார்த்து ஏற்பார் அல்லது மறுப்பார்.

இந்த ஏற்பாடு தவறாகப் பயன்பட்ட கதையும் உண்டு. ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வில், 2020ஆம் ஆண்டு நான்கு திருத்தங்களை அனுப்புவோரில் முதலில் முடிப்பவர்களுக்கு டி-சர்ட் பரிசு என அறிவித்திருந்தார்கள். தேவையே இல்லாத இடத்தில் ஒரு பாராட்டுச் சொல்லைச் சேர்ப்பது போன்ற போலித் திருத்தங்கள் வந்து குவிந்தன. அந்த வழியைக் காட்டிய காணொளி ஒன்று நம் நாட்டிலிருந்து வெளியானது. ஊதியமின்றி உழைக்கும் பொறுப்பாளர்கள் குப்பையை அகற்றுவதிலேயே நாள்களைக் கழித்தார்கள். அதே மாதத் தொடக்கத்திலேயே, விரும்பிச் சேரும் திட்டங்களில் செய்யும் திருத்தங்களே கணக்கில் வரும் என்று விதி மாற்றப்பட்டது.

டி-சர்ட்டின் அடக்க விலை தெரிந்த ஊர்ப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பிறகு, செக்கிங் செய்யாமலே 'பாஸ்' போட்டு அனுப்புவதும் இதுவும் ஒன்றுதானே என்று அவர்களில் ஒருவரே கேட்பார்.

வகுப்பறையில் செய்யும் முறை

• ஏதேனும் ஒரு கையேட்டின் அரைப்பக்கத்தை அச்செடுத்து நால்வர் குழுவுக்கு ஒன்றாகக் கொடுங்கள். தொடக்க வகுப்புகளுக்கு ஃபயர்வால் வேண்டாம். பிரஷர் குக்கர் அல்லது மின்விசிறியோடு வரும் தமிழ்க் குறிப்பே போதும்.

• பிழைகளை மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: பொருளை மாற்றுபவை, வாசிப்பைத் தடுப்பவை, தோற்றத்தை மட்டும் கெடுப்பவை. முதல் வகைக்கே முன்னுரிமை.

• ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒருவரிக் காரணம் எழுத வேண்டும். "தப்பாக இருந்தது" என்பது காரணமாகாது. "எழுவாய் பன்மை, பயனிலை ஒருமை" என்பது காரணம்.

• ஒரு குழுவின் திருத்தத்தை அடுத்த குழு சரிபார்க்கட்டும். மறுக்கவும் உரிமை உண்டு.

• ஒரே பொருளுக்கு ஒரே சொல் என்பதைக் கவனிக்கச் செய்யுங்கள். ஒரு பக்கத்தில் தீயரண், மறுபக்கத்தில் தீச்சுவர் என்றிருந்தால் வாசகர் இரண்டும் வெவ்வேறு என்று நினைப்பார்.

• தமிழ்ப் பகுதிகளை 'வாணி' பிழைதிருத்தியில் இட்டு, கருவி கண்டதையும் மாணவர் கண்டதையும் ஒப்பிடுங்கள்.

• உண்மையான திருத்தத்தை அனுப்புவதென்றால் ஆசிரியரின் கணக்கிலிருந்து அனுப்புங்கள். கிட்ஹப்பில் 13 வயது நிரம்பாதவர்கள் கணக்குத் தொடங்க இயலாது. மாணவர் பெயரோ பள்ளி விவரமோ பொதுவில் வர வேண்டியதில்லை. ஆய்வகக் கணினியின் ஃபயர்வால் அமைப்பை யாரும் மாற்றக் கூடாது; நம் வேலை கையேட்டோடு மட்டும்.

"எங்களுக்கே இங்கிலீஷ் வராது, நாங்கள் எப்படித் திருத்துவது?" என்று மாணவர்கள் கேட்பார்கள். பி.எஃப். ஃபயர்வாலை எழுதிய டேனியல் ஹார்ட்மையர் சுவிட்சர்லாந்துக்காரர் என்பதையும், ஓ.பி.என்.சென்ஸ் உருவான நெதர்லாந்தில் மக்கள் பேசுவது டச்சு என்பதையும் சொல்லுங்கள். இவற்றின் கையேடுகளை எழுதுவோரிலும் படிப்போரிலும் ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்றவர்கள் ஏராளம். ஒரு வாக்கியம் எங்கே தடுக்குகிறது என்பதை, நிறுத்தி நிதானமாக ஒவ்வொரு சொல்லாகப் படிப்பவரே முதலில் உணர்கிறார். நம் மாணவர்கள் ஆங்கிலத்தை அப்படித்தான் படிக்கிறார்கள். அரைப்பக்கத்தில் ஒரு பிழையைக் காரணத்தோடு காட்டினாலே முதல் நாளுக்குப் போதும்.