உங்களுக்குத் தெரியுமா? தொடுதிரையை மட்டும் நம்பக் கூடாத வேளை

இலங்கையின் நானுஓயா சுமார் 1,600 மீட்டர் உயரத்தில், மூடுபனியும் ஈரமும் மிகுந்த இடம். இப்படிப்பட்ட மலைநாட்டில் தேயிலை இயந்திரங்களைத் தொடுதிரையால் இயக்குவோர் கவனிக்க வேண்டியவை:

• கைபேசியில் உள்ளது போன்ற திரை, நீர்த்துளியையும் விரல் தொட்டதாக எடுத்துக்கொள்ளலாம். தடித்த கையுறையை உணராமலும் போகலாம். அழுத்தத்தை உணரும் திரையில் இந்தச் சிக்கல் குறைவு.

• அவசர நிறுத்தத்தைத் திரையில் மட்டும் வைக்கக் கூடாது. ஐ.எஸ்.ஓ. 13850 தரநிலைப்படி, அதற்கான பொத்தான் மஞ்சள் பின்னணியில் சிவப்பாக, சட்டென்று கைக்கு எட்டுவதாக இருக்க வேண்டும். பொத்தானை விடுவித்ததும் இயந்திரம் தானாக ஓடத் தொடங்கக் கூடாது.

• தேயிலை ரோலரைத் துப்புரவு செய்யும் முன் திரையில் 'நிறுத்து' என்று தொட்டால் போதாது. மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுங்கள். சாவி, உள்ளே கைவைப்பவரிடமே இருக்கட்டும்.