கெட்ட நாளுக்கு ஒரு வீடு

மேஸ்திரி காலை ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிடுவார். என் விரல்கள் பத்து மணிக்குத்தான் வேலைக்கு வரும். நடுவில் உள்ள அந்த ஒரு மணி நேரத்தில் கேட்டைத் திறப்பது, மோட்டார் போடுவது, "இன்னைக்கு எந்தப் பக்கம் உடைக்கணும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது எல்லாம் என் வீட்டுக்காரர் பாடு. திருச்சியில் முப்பத்தைந்து வருடப் பழசான எங்கள் வீட்டில் தை பிறந்ததும் கை வைத்தோம். பங்குனி முடியும்வரை இப்படித்தான் ஓடியது.

எனக்கு முடக்குவாதம். டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். பதினான்கு வருட உறவு. வயதானால் வருகிற மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. வெளியிலிருந்து வரும் கிருமியை அடிக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் சொந்த மூட்டின் உள்சவ்வையே அடிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் விரல், மணிக்கட்டு போன்ற சின்ன மூட்டுகளில் ஆரம்பிக்கும். தேய்மானக்காரர்களுக்குக் காலை இறுக்கம் அரை மணிக்குள் விட்டுவிடும். எங்களுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும், சில நாள் மதியம்வரை இழுக்கும்.

வீட்டில் கொத்து வேலை என்ற பேச்சு ஒரு டவல் ராடால் வந்தது. போன மார்கழியில் ஒரு விடியற்காலை, குளியலறையில் எழுந்திருக்க அதைப் பிடித்தேன். இரண்டு ஸ்க்ரூவும் பிளாஸ்டிக் பிளக்குமாக ராடு கையோடு வந்துவிட்டது. நான் வாளி மேல் உட்கார்ந்தேன். வாளி உடைந்தது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நோயின் ஆரம்ப வருடங்களில் நிறைய ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவள் நான். அது எலும்பை மெலிய வைக்கும். வாளி இல்லாதிருந்தால் இடுப்பெலும்பு போயிருக்கும். அன்று மதியமே மேஸ்திரிக்குப் போன் போட்டோம்.

எட்டுக் குடம்

லூபஸ் நோயோடு வாழ்ந்த கிறிஸ்டின் மிசராண்டினோ என்ற அமெரிக்கப் பெண், தன் நிலைமையைத் தோழிக்குப் புரியவைக்கக் கரண்டிகளை எடுத்துக் காட்டியதாக 2003இல் எழுதினார். ஒரு நாளைக்குக் கையில் இத்தனை கரண்டிதான். குளித்தால் ஒன்று போச்சு, உடுத்தினால் இன்னொன்று போச்சு. தீர்ந்தால் அன்றைய பொழுது அவ்வளவுதான். குழாயடியில் நின்று வளர்ந்த எனக்குக் கரண்டியைவிடக் குடம்தான் சுலபமாகப் புரிகிறது. விடிந்தால் எனக்கு எட்டுக் குடம். அதற்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். நாளைய குடத்தை இன்று கடன் வாங்கலாம், ஆனால் வட்டி மூன்று நாள் படுக்கை.

வீட்டு வேலை இந்தக் கணக்கைக் கலைத்துவிடும். டைல்ஸ் கடை மூன்று குடம். பிளம்பரிடம் பைப் எங்கே வரவேண்டும் என்று விளக்க ஒரு குடம். வாட்ஸ்அப்பில் வந்த நாற்பது பெயிண்ட் நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு குடம். வலியுள்ளவருக்கு யோசிப்பதும் உடல் உழைப்புதான்.

நான் சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். எனக்கு ஞாயிறு இரவு. திங்கட்கிழமை வாயில் ருசி இருக்காது, தலை கனக்கும். அதனால் வேலை ஆரம்பிக்கும் முன்பே ஒரு விதி போட்டோம்: திங்களன்று என்னிடம் எதுவும் கேட்கக் கூடாது, கடைக்குப் போவது புதன் மட்டும். மேஸ்திரி முதலில் சிரித்தார். இரண்டாவது வாரம் அவரே பிளம்பரிடம், "இன்னைக்குத் திங்கக்கிழம, அக்காகிட்ட போகாத" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நாள் கூலிக்கு விடாமல், வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டும் முடிய முடியப் பணம் என்று பேசியதும் உதவியது. கூலி வேலைக்குப் பக்கத்தில் நின்று பார்க்க ஆள் வேண்டும். நிற்க முடியாதவருக்கு அது சரிப்படாது.

நல்ல நாளில் வாங்கிய டைல்ஸ்

இத்தனை யோசித்தும் முதல் தப்பைச் செய்தவள் நான்தான். டைல்ஸ் கடைக்குப் போன புதன்கிழமை எனக்கு நல்ல நாள். கை கால் லேசாக இருந்தது, செருப்பைக் கழற்றிவிட்டுக் கடை முழுக்க நடந்தேன். கண்ணாடி மாதிரி பளபளவென்று வெள்ளை டைல்ஸ். முகம் தெரிந்தது. குளியலறைக்கும் அதையே சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இறங்கிய இரண்டாம் நாள் மூட்டெல்லாம் வீங்கிய காலை. ஒரு பெட்டியைப் பிரித்து, ஒரு டைல்ஸைத் தரையில் போட்டு, தண்ணீர் தெளித்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். சோப்புத் துண்டு போல வழுக்கியது. பெட்டிகள் திரும்பிப் போயின, சொரசொரப்பான மேட் டைல்ஸ் வந்தன. ஏற்றுகூலி, இறக்குகூலி எங்கள் தலையில்.

நாள்பட்ட நோயாளி வீட்டைத் திருத்தும்போது மாட்டிக்கொள்ளும் பொறி இதுதான். கடைக்குப் போவது, அளவெடுப்பது, ஆள் பேசுவது எல்லாம் நல்ல நாளில்தான் நடக்கும். கெட்ட நாளில் படுத்திருப்போம். ஆகவே வீட்டைப் பற்றிய எல்லா முடிவையும் நம்முள் இருக்கும் ஆரோக்கியசாலியே எடுத்துவிடுகிறாள். அதில் குடியிருக்கப் போவது இன்னொருத்தி. அன்றிலிருந்து நல்ல நாளில் பார்த்து வைத்ததைக் கெட்ட நாளில்தான் முடிவு செய்தேன்.

சுவர் சொன்ன இடம்

படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் போகும் நடையில் பழைய டிஸ்டம்பரைச் சுரண்ட ஆரம்பித்த நாள், மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். "அக்கா, இங்க பாருங்க. இந்தப் பக்கம் மட்டும் சுவரு கறுத்துக் கெடக்கு. நீங்க புடிச்சுப் புடிச்சு நடந்த எடந்தானே?"

பார்த்தேன். இடுப்புக்குச் சற்று மேலே, என் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அழுக்குக் கோடு. தைலமும் வியர்வையும் ஏறி மினுமினுத்தது. கட்டில் ஓரத்தில் தொடங்கி, திருப்பத்தில் நின்று, குளியலறை நிலையில் ஒரு பெரிய கறையாக முடிந்தது. பதினான்கு வருட விடியற்காலைகள். தினம் தடவிக்கொண்டு போன எனக்கு அது தெரியவில்லை. அடுத்த வாரம் பெயிண்டர் வந்து பட்டி பூசியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

கைப்பிடிக் கம்பி எத்தனை அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்று நான் இணையத்தில் தேடி எழுதி வைத்திருந்த தாளை மடித்து வைத்துவிட்டோம். மேஸ்திரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மூன்று இடத்தில் பெருக்கல் குறி போட்டார். அங்கேயே துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பிகள் ஏறின. டவல் ராடு துண்டின் எடையைத்தான் தாங்கும். ஆள் எடை தாங்கும் கம்பியைச் செங்கல் சுவரில் துளையிட்டு, ஆங்கர் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை நான் வாளி மேல் உட்கார்ந்து கற்றேன்.

மற்ற அளவுகளுக்கு, எல்லோரும் புழங்கக்கூடிய கட்டடங்களுக்காக மத்திய அரசு 2021இல் வெளியிட்ட வழிகாட்டி கைகொடுத்தது. கழிப்பறை இருக்கையின் உயரம் 450 முதல் 480 மில்லிமீட்டர் என்கிறது அது. எங்கள் பழைய வெஸ்டர்ன் டாய்லெட் அதைவிடத் தாழ்வு, எழும்போது முழங்கால் கெஞ்சும். அடியில் மூன்று அங்குலம் கான்கிரீட் மேடை போட்டுத் தூக்கி வைத்தார்கள். சாய்தளம் என்றால் ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். எங்கள் வாசல் ஒன்றரை அடி உயரம். பதினெட்டு அடி நீளத்துக்கு இடம் ஏது, தெருவுக்குத்தான் போக வேண்டும். ஆறு அங்குலமாக இருந்த மூன்று படிகளை நான்கரை அங்குலமாக நான்காக்கி, இரு பக்கமும் பிடிச் சுவர் வைத்தோம். அதற்கே கால் நன்றி சொல்கிறது.

தூசுக்குள் குடித்தனம்

"வேலை முடியறவரைக்கும் எங்க வீட்டுக்கு வந்துடேன்" என்று அழைக்காத சொந்தக்காரர் இல்லை. நல்ல மனசு. ஆனால் வலியுள்ளவருக்கு அடுத்தவர் வீட்டுக் கழிப்பறையின் உயரமும் அடுத்தவர் வீட்டு மெத்தையும் புது நோய். நாங்கள் இங்கேயே இருந்தோம்.

அதற்கு வரிசை முக்கியம். பின்கட்டில் பாழடைந்து கிடந்த கழிப்பறையை முதலில் சரி செய்து, புழங்கிப் பார்த்த பிறகே உள்ளே இருப்பதை உடைத்தோம். பன்னிரண்டு நாளில் முடியும் என்று சொன்ன குளியலறை இருபத்துமூன்று நாள் எடுத்தது. ஒரே கழிப்பறையை உடைத்திருந்தால் என் கதி என்ன?

படுக்கையறைக்கு மட்டும் கடைசிவரை கடப்பாறை போகவில்லை. வாசலில் பிளாஸ்டிக் ஷீட்டும் கதவிடுக்கில் ஈரத் துணியும். உள்ளே ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு, தண்ணீர்க் கேன், ஒரு பை. மாத்திரைகள், டாக்டர் சீட்டு, வெந்நீர்ப் பை, ஒரு மாற்றுடை எல்லாம் அந்தப் பையில். வீடு இடம் மாறும்போது முதலில் காணாமல் போவது மாத்திரை டப்பாதான். தொழிலாளிகளுக்கு இரண்டு வேளை டீ போட்டுக் கொடுக்காவிட்டால் மரியாதை இல்லை என்று மனசு அடித்துக்கொண்டது. முதல் நாள் போட்டேன், இரண்டு குடம் காலி. மறுநாளிலிருந்து முக்குக் கடையில் கணக்கு.

தூசு சாதாரண விஷயமில்லை. என் போன்றவர்கள் சாப்பிடும் மருந்துகள் நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பவை. நுரையீரல் தொற்று எளிதில் பற்றும். வேலைக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். டைல்ஸைக் கட்டிங் மெஷினில் உலர்வாக அறுத்தால் சிலிக்கா தூள் பறக்கும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுத்தால் பெருமளவு அடங்கும். இதை எனக்காகக் கேட்டேன், பிறகு வெட்கமாக இருந்தது. எனக்கு அந்தத் தூசு மூன்று மாதம், அறுக்கிற தம்பிக்கு ஆயுள் முழுக்க. முகக்கவசப் பெட்டியை வாசலில் எல்லோருக்குமாக வைத்தோம்.

பழைய கதவுகளை எமரி பேப்பரால் தேய்க்கும்போதும் கவனம் வேண்டும். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் இருக்கலாம். எங்கள் கதவுகளை ஈரமாக்கி, வெளியே கொண்டுபோய்த் தேய்த்தார்கள்.

சைக்கிள் டியூபும் சமையலறையும்

கத்திப் பிடியில் நான் வருடக்கணக்காகப் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருக்கிறேன். பிடி தடித்தால் விரல் குறைவாக மடங்கும், வலி குறையும். அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவர், மூட்டுவலியுள்ள தன் மனைவி பெட்சி காய் தோலுரிக்கச் சிரமப்பட்டதைப் பார்த்துத்தான் 1990இல் தடித்த ரப்பர் பிடி வைத்த ஓக்ஸோ கருவிகளைக் கொண்டுவந்தார். வலியில்லாதவர்களும் அதைத்தான் வாங்கினார்கள்.

சமையலறை முழுக்க அந்த டியூப் கணக்குத்தான். திருகுக் குழாய்கள் போய், முழங்கையால் தட்டினாலே திறக்கும் லீவர் குழாய்கள் வந்தன. கதவுகளின் உருண்டைப் பிடிகளுக்கும் அதே கதி. தரையோடு இருந்த பிளக் பாயின்டுகள் இடுப்பளவுக்கு ஏறின. பரணிலிருந்த பாத்திரங்கள் டிராயருக்கு இறங்கின. மேடைக்கு அடியில் ஒரு பகுதியை அலமாரி இல்லாமல் விட்டோம், ஸ்டூலைப் போட்டுக் காலை உள்ளே நீட்டி உட்கார்ந்து காய் நறுக்கலாம். 14.2 கிலோ எரிவாயுவோடு இரும்பின் எடையும் சேர்த்து முப்பது கிலோ வரும் சிலிண்டர், சக்கரம் வைத்த தட்டில் ஏறியது.

கம்பிகள் மாட்டிய அன்று என் மாமியார் முகம் சுருங்கியது. "ஆஸ்பத்திரி வார்டு மாதிரில்ல இருக்கு, வர்றவங்க என்ன நெனைப்பாங்க?" அவருக்கு வயது எண்பத்தொன்று. நான் பதில் பேசவில்லை. நாலாம் நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது, நடையில் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போவதைப் பார்த்தேன்.

எல்லாம் நடந்துவிடவில்லை. பூஜையறை நிலைப்படியை எடுக்க வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை, எனக்கும்தான். பக்கத்தில் ஒரு செங்குத்துக் கம்பி போட்டுத் தாண்டிக்கொள்கிறேன். பணம் கையைக் கடித்ததால் மாடி அப்படியே இருக்கிறது. நோயும் அப்படியே இருக்கிறது. இன்று காலைகூட விரல் மடங்கப் பத்து மணி ஆனது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் யாரையும் எழுப்பாமல் குளியலறைக்குப் போய்வந்துவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் வலியோடு நடமாடும் ஒருவர் இருக்கலாம். கொத்து வேலைக்கு ஆள் பேசும் முன், ஏதாவது ஒரு மோசமான காலையில் அவர் பின்னாலேயே நடந்து பாருங்கள். எங்கே நிற்கிறார், எதைப் பிடிக்கிறார் என்று கவனித்து, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு குறி போடுங்கள். பெயிண்டரை அதற்குப் பிறகு கூப்பிடலாம்.