பாக்கெட்டுக்குள்ளே உயிர் இருக்கு!



விதைநெல்லில் வடிகஞ்சியோடு கலந்து பூசுகிறோமே அசோஸ்பைரில்லம், அது வெறும் தூள் இல்லை. உயிருள்ள நுண்ணுயிர். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துப் பயிருக்குக் கொடுக்கும். 1970-களில் பிரேசில் நாட்டுப் பெண் விஞ்ஞானி ஜோஹன்னா டோபரெய்னர் இதன் அருமையை உலகத்துக்குக் காட்டினார்.

ஆய்வகத்தில் கண்டுபிடித்ததும் கடைக்கு வந்துவிடுமா? வராது. பயிர் வேரிலிருந்து நல்ல வகையைப் பிரிக்கணும். வயலில் போட்டுப் பார்க்கணும். பிறகு தொட்டியில் பெருக்கி, பழுப்பு நிலக்கரித் தூளில் கலந்து, விவசாயி கைக்கு வரும்வரை சாகாமல் காப்பாத்தணும். உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2006-ல் உயிர் உரங்களும் சேர்க்கப்பட்டன. தூள் என்றால் ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி நுண்ணுயிர் உயிரோடு இருக்கணும்.

அதனால், உயிர் உரம் தயாரித்து விற்க நினைக்கும் குழுக்களுக்கு ஒன்று சொல்கிறோம். எந்திரத்துக்குக் கடன் வாங்கும் முன்னே வேளாண்மை அலுவலகத்தில் மூன்று கேள்வி கேளுங்க:

1. தரமான மூல நுண்ணுயிர் எங்கே கிடைக்கும்?
2. தரத்தை யார் பரிசோதிப்பார்கள்?
3. விற்க அனுமதி யாரிடம் வாங்கணும்?

சரக்கு செத்துப்போனாலும் தவணை நிற்காது.

வாங்குகிறவர்களும் காலாவதி தேதியைப் பாருங்க. வெயிலில் வைக்காதீங்க. ரசாயன உரம், பூச்சிமருந்தோடு கலக்காதீங்க. செத்த நுண்ணுயிருக்கு நாம் ஏன் காசு கொடுக்கணும்?