அலிதான் முதலிடமா? பெயரை மறைத்துப் புள்ளியிடுவோம்

அதிபாரக் குத்துச்சண்டையில் எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர் யார் என்ற கேள்வி நம்மவர் மத்தியில் எழுந்தால், விவாதம் நெடுநேரம் நீடிப்பதில்லை. ஒருவர் முஹம்மது அலி என்பார், மற்றவர்கள் ஆமோதிப்பார்கள். யாராவது ஜோ லூயிஸ் என்று சொல்லிவிட்டால் அவருடைய ஈமானையே சந்தேகிக்கும் அளவுக்கு வாட்ஸ்அப் குழுக்களில் சூடு பிடித்துவிடும். நம்முடைய விடை சரியாக இருக்கலாம். அந்த விடைக்கு நாம் வந்த வழி சரிதானா என்பதே என் கேள்வி.

உயர்தரப் பரீட்சை விடைத்தாளில் மாணவரின் பெயர் இருக்காது. சுட்டெண் மட்டுமே இருக்கும். திருத்துபவரின் கையில் புள்ளித்திட்டம் முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருக்கும். யாருடைய பிள்ளை என்று தெரியாமல் புள்ளியிடுவதற்காகவே இந்த ஏற்பாடு. குத்துச்சண்டை வீரர்களையும் அப்படியே அளந்து பார்ப்போம். மூன்று கேள்விகள் போதும்: எவ்வளவு காலம் ஆண்டார்? யாரை வென்றார்? எப்படித் தோற்றார்?

முதல் கேள்வியில் அலிக்கு முதலிடம் கிடைக்காது. ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை உலக சம்பியனாக இருந்து, பட்டத்தை 25 தடவை தக்கவைத்துக்கொண்டார். அலி தம் மூன்று ஆட்சிக் காலங்களிலும் சேர்த்து 19 தடவை. லாரி ஹோம்ஸ்கூட 20 தடவை.

மூன்றாவது கேள்வியிலும் அலி முன்னணியில் இல்லை. ரொக்கி மார்சியானோ 49 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் 1956இல் ஓய்வு பெற்றார். அலி 61 போட்டிகளில் 5இல் தோற்றார். 1976இல் ஜிம்மி யங், கென் நோர்ட்டன் இருவருக்கும் எதிராக அவருக்குக் கிடைத்த வெற்றிகளை இன்றும் பலர் ஏற்பதில்லை. இவற்றை மறைத்துவிட்டு அலிக்காக வாதாடுவது நேர்மையாகாது.

ஆனால், இரண்டாவது கேள்வியில் நிலைமை தலைகீழாக மாறுகிறது. லூயிஸ் மோதியவர்களில் பலர் சாதாரணமானவர்கள் என்று அவருடைய காலத்துப் பத்திரிகைகளே கேலி செய்தன. மார்சியானோ 1951இல் வென்ற லூயிஸுக்கு அப்போது வயது 37. அலியின் பட்டியலோ வேறு ரகம்: சொனி லிஸ்டன், ஃபுளொயிட் பேட்டர்சன், ஜோ ஃபிரேசியர், கென் நோர்ட்டன், ஜோர்ஜ் ஃபோர்மன். இவர்கள் ஐவரும் ஏதோ ஒரு காலத்தில் உலகப் பட்டம் வைத்திருந்தவர்கள்.

ஃபோர்மனை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1974 ஒக்டோபரில் கின்ஷாசாவில் அலியைச் சந்தித்தபோது அவருக்கு வயது 25. ஆடிய 40 போட்டிகளிலும் வெற்றி. அலியை முன்னர் தோற்கடித்திருந்த ஃபிரேசியரையும் நோர்ட்டனையும் இரண்டிரண்டு சுற்றுகளில் முடித்திருந்தார். 32 வயது அலி அவரை எட்டாவது சுற்றில் நொக் அவுட் செய்தார். அதே ஃபோர்மன் 20 ஆண்டுகள் கழித்து, 45 வயதில், மீண்டும் உலகப் பட்டம் வென்றார் என்றால் அலி வென்றது எப்படிப்பட்டவரை என்பது விளங்கும்.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வியட்நாம் போருக்கான இராணுவச் சேவையை மறுத்ததால் 1967இல் அலியின் பட்டம் பறிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீடு நடந்ததால் சிறை செல்லவில்லை. 1971இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தண்டனையை இரத்துச் செய்தது. இடையில் 25 வயது முதல் 28 வரை, ஒரு வீரரின் உடல் உச்சத்தில் இருக்கும் மூன்றரை ஆண்டுகள், அவரால் மேடையேற முடியவில்லை. லூயிஸை விட அவர் பட்டத்தைத் தக்கவைத்த எண்ணிக்கை குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வகை வாதம் மலையகத்து இளைஞர்களுக்குப் புதிதல்ல. முத்தையா முரளிதரனின் 800 டெஸ்ட் விக்கெட்டுகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம், அதில் 176 பங்களாதேஷ், சிம்பாப்வே அணிகளுக்கு எதிராக எடுத்தவை என்று ஒருவர் சொல்வார். கோபப்படத் தேவையில்லை, கழித்துப் பார்ப்போம். மீதி 108 போட்டிகளில் 624 விக்கெட். ஷேன் வோர்னுக்கு அதே கழிவுக்குப் பின் 142 போட்டிகளில் 691. ஒரு போட்டிக்கான சராசரியில் முரளி அப்போதும் முன்னால் நிற்கிறார். எதிராளிகள் யார் என்று கேட்பது அவமதிப்பு அல்ல. திறமையுள்ளவரின் பெருமை அந்தக் கேள்வியால் இன்னும் உறுதிப்படும்.

நம்முடைய நடுநிலையைச் சோதிக்க மைக் டைசன் நல்ல உதாரணம். அவரும் பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவியவர்தான். 20 வயதில் பட்டம் வென்று வரலாறு படைத்தவர். ஆனால் அவருடைய முதல் ஆட்சி 1986 முதல் 1990 வரைதான். ஹோலிஃபீல்ட், லெனொக்ஸ் லூயிஸ் என்ற தம் காலத்து இரு பெரியவர்களிடமும் தோற்றார். மார்க்கம் ஒன்றாக இருந்தும் அவரை அலியின் பக்கத்தில் நாம் வைப்பதில்லை. அப்படியென்றால் அளவுகோல் வேறு எங்கோ இருக்கிறது என்று நமக்கே தெரியும்.

அலியின் போர் மறுப்பும் துணிவும் மனிதராக அவரை உயர்த்தியவை. 1980இல் அவர் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியபோது திரண்ட கூட்டத்துக்கு அந்த வரலாறும் ஒரு காரணம். ஆனால் அதற்கான புள்ளியைக் குத்துச்சண்டைத் தாளில் சேர்க்கக் கூடாது. அது வேறு பாடம்.

என் கணக்கில் எதிராளிகளின் தரத்துக்கே அதிகப் புள்ளி. ஆகவே அலி முதலாவது, லூயிஸ் மிக நெருக்கமாக இரண்டாவது. நீண்ட ஆட்சிக்கு அதிகப் புள்ளி கொடுப்பவர் லூயிஸை முதலிடத்தில் வைப்பார். அவர் அலிக்கோ நம் மார்க்கத்துக்கோ எதிரியல்லர்.

சொந்தங்களுக்குப் பாதகமாக அமைந்தாலும் நீதியையே சொல்லுமாறு அல்குர்ஆன் நமக்குக் கட்டளையிடுகிறது. தொழிலிலும் பதவியிலும் பெயரைப் பார்த்து நம்மை ஒதுக்குகிறார்கள் என்று நாம் முறையிடுகிறோம். அந்த முறைப்பாட்டுக்கு வலு வர வேண்டுமானால், நாமும் பெயரைப் பார்த்து ஒருவரை உயர்த்தாதிருக்கப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தை விளையாட்டு அரட்டையிலிருந்தே நம் பிள்ளைகளுக்குத் தொடங்கிக் கொடுக்கலாம்.