கடற்கரை வெளியரங்குகளில் ஒலி: முத்துக்குளித்துறைக் கரையின் மேடையமைப்பும் அவையமர்வும்

ஆய்வுச் சுருக்கம்

தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் நிகழும் திருவிழா இசைநிகழ்ச்சிகள் இன்று ராக் இசைக்குரிய கருவிகளையும் ஒலிபெருக்கும் முறையையும் கொண்டவை. ஆயினும் அவை நிகழும் இடங்கள் சமதரையான மணல்வெளிகளும் தெருக்களும் திருமண மண்டபங்களுமே ஆகும். இவ்விடங்களில் ஒலி தெளிவிழப்பதற்கு ஒலிபெருக்கியின் ஆற்றல் குறைவு காரணமாவது அரிது. மேடை நோக்கும் திசை, ஒலிபெருக்கியின் உயரம், அவையோர் அமரும் முறை, காற்று ஆகியவையே காரணங்களாகின்றன என்பதை ஒலியியல் அடிப்படையில் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வெளியரங்கு, ஒலியியல், முத்துக்குளித்துறை, கச்சான் காற்று, குலசேகரன்பட்டினம், மெல்லிசை, ராக் இசை.

முன்னுரை

வேம்பாறு முதல் பெரியதாழை வரை நீளும் தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் இசைக்கென எழுப்பப்பட்ட அரங்கைவிட விழாவுக்கென ஒதுக்கப்பட்ட வெளியே மிகுதி. பனிமய மாதா பேராலயத் திருவிழா ஆண்டுதோறும் ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5இல் நிறைவுறுகிறது. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவின் பத்தாம் நாளிரவில் மகிடாசுர சம்காரம் கடற்கரையில் நடைபெறுகிறது. நகருக்குள் தருவை மைதானம் போன்ற பரந்த திடல்களும் உண்டு. விழாக்காலங்களில் ஒலிக்கும் மெல்லிசைக் குழுக்களில் டிரம்ஸ், பேஸ் கிதார், கீபோர்டு, மின் கிதார் ஆகியவை இடம்பெறுகின்றன. பாடல் திரையிசையாயினும் கருவியமைப்பு ராக் குழுவினுடையதே. எனவே ராக் நிகழ்ச்சிகளைப் பற்றி உலகெங்கும் எழுந்த ஒலிச்சிக்கல்கள் இக்கரைக்கும் உரியவையாகின்றன.

மைக்செட் வருமுன்

மேடையின் அளவுக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைத் தமிழ் மரபு நெடுங்காலமாக அறிந்திருந்தது. சிலப்பதிகார அரங்கேற்று காதை 24 விரல் கொண்ட கோலால் அளந்து, 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் உடைய அரங்கைக் காட்டுகிறது. மேடைக்கும் மேல் உத்தரப் பலகைக்கும் இடைவெளி 4 கோல் என்றும் கூறுகிறது. இவ்வளவுகள் ஒலியின்பொருட்டே வகுக்கப்பட்டன என்று சொல்ல நூலில் இடமில்லை. எனினும் மேடைத்தளம் உயர்ந்திருப்பதும் அதற்குத் தாழ்வான மேற்பலகை அமைவதும் குரலுக்குத் துணைசெய்பவை. முன்னது அவையோரின் தலைகளுக்கு மேலாகக் குரலைச் செலுத்தும். பின்னது மேலே சிதறும் குரலை முன்னோக்கித் திருப்பும். பரத நாட்டிய சாத்திரமோ வெளிப்படையாகவே பேசுகிறது. 64 முழ நீளமும் 32 முழ அகலமும் கொண்ட இடைத்தர அரங்கைப் பரிந்துரைக்கும் அந்நூல், அதனினும் பெரிய அரங்கில் நடிப்போர் குரல் தெளிவிழக்கும் என்பதையே காரணமாகக் காட்டுகிறது.

இக்கரையை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் ஒலிவாங்கி இல்லாத கொட்டகைகளில் வளர்ந்தவை. உச்ச சுருதியில் பாடவல்ல குரலே அக்காலத்து நடிகரின் முதல்தகுதி. அதற்குச் செவியின் இயல்பே காரணமெனலாம். மனிதச் செவி 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில் மிகு நுட்பம் உடையது. உரத்தெடுத்த உயர்சுருதிக் குரலின் ஆற்றல் அப்பகுதியில் திரள்வதால் இரைச்சலையும் ஊடறுத்துச் செல்லும். வலையிழுப்போரின் அம்பாப் பாட்டிலும் ஒருவர் எடுத்துக்கொடுக்கப் பலர் திருப்பிப் பாடும் முறை உள்ளது. உழைப்பின் தாளத்திற்கு அமைந்த இம்முறை, அலையிரைச்சலில் சொல் தொலைந்துபோகாமல் காக்கவும் உதவியிருக்க வேண்டும்.

காற்றும் வெப்பமும்

வெளியரங்கில் சுவர் இல்லை, வானிலையே சுவராகிறது. காற்று ஒலியை அடித்துக்கொண்டு போகிறது என்பது பொதுவழக்கு. ஒலியின் வேகம் 30 பாகை செல்சியசில் நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டராக இருக்க, பலத்த காற்றின் வேகம்கூட நொடிக்குச் சில மீட்டர்களே என்பதை நோக்கின் அவ்வழக்குப் பொருந்தவில்லை. உண்மையில் நிகழ்வது வளைவு. தரையோடு உராய்வதால் காற்று கீழே மெதுவாகவும் மேலே விரைவாகவும் வீசுகிறது. காற்றின் போக்கில் செல்லும் ஒலியின் மேற்பகுதி முந்திச்செல்ல, ஒலி தரையை நோக்கி வளைகிறது. எதிர்க்காற்றில் செல்லும் ஒலி வானை நோக்கி வளைந்து, பின்வரிசைகளை ஒலிநிழலில் விட்டுவிடுகிறது.

பனிமய மாதா திருவிழா கச்சான் காற்றின் பருவத்தில் வருகிறது. நிலத்திலிருந்து கடல்நோக்கி மேற்கிலிருந்து வீசும் இக்காற்றில், மேற்கே முதுகுகாட்டிக் கிழக்கு நோக்கி நிற்கும் மேடையின் ஒலி அவையின் கடைசிவரை இறங்கிவரும். அதே மேடையைக் கடலோரம் வைத்து நகரை நோக்கித் திருப்பினால், எத்தனை பெட்டிகளை அடுக்கினும் பின்னிருப்போருக்குப் பாடல் வந்தும் போயுமாகக் கேட்கும். அங்குமிங்கும் அலையும் ஒலியைக் கேட்டு மைக்செட்காரரைக் குறைசொல்வோர் காற்றின் திசையை நோக்குவதில்லை.

வெப்பமும் இவ்வாறே செயற்படுகிறது. பகலில் சுடுமணலை ஒட்டிய காற்று வெப்பமிகுந்து, மேலே குளிர்ந்திருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைகிறது. கதிரவன் மறைந்தபின் மணல் விரைவில் குளிர, நிலை தலைகீழாகி ஒலி கீழ்நோக்கி வளைகிறது. நள்ளிரவில் அடுத்த ஊர் விழாவின் பாட்டு தெளிவாகக் கேட்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். பிற்பகல் மூன்று மணிக்கு வெற்றுத்திடலில் சரிபார்த்து நிறுத்திய ஒலியளவு இரவு ஒன்பது மணிக்குப் பொருந்தாமல் போவதும் இதனால்தான்.

கடற்கரையின் ஈரக்காற்று ஒருவகையில் நன்மை செய்கிறது. 8000 ஹெர்ட்ஸ் ஒலி 100 மீட்டர் கடக்கையில், 15 பாகை வெப்பமும் 20 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் 20 டெசிபல் வரை இழக்கிறது. 30 பாகையும் 70 விழுக்காடும் உள்ள காற்றில் அவ்விழப்பு 6 டெசிபல் மட்டுமே. ஜால்ராவின் கூர்மையும் மெய்யெழுத்துகளின் தெளிவும் இவ்வுயர் அதிர்வெண்களில் உள்ளவை.

தெருநெடுகக் குழாய்கள்

சவுக்குக் கம்புகளில் வரிசையாகக் குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டுவது இக்கரையின் நெடுநாள் வழக்கம். ஒலி எங்கும் உரக்கக் கேட்கிறது; சொல் மட்டும் விளங்குவதில்லை. எல்லாக் குழாய்களுக்கும் மின்குறிப்பு ஒரே கணத்தில் சென்றுசேர, அவற்றின் ஒலி கேட்பவரை வெவ்வேறு கணங்களில் வந்தடைவதே இதற்குக் காரணம். 50 மீட்டர் கூடுதல் தொலைவிலுள்ள குழாயின் ஒலி 143 மில்லிநொடி தாமதமாக வருகிறது. பேச்சொலி ஏறத்தாழ 50 மில்லிநொடிக்குள் மீண்டும் வந்தால் செவி அதை முதலொலியுடன் ஒன்றாகவே கொள்ளும் என்பது ஹெல்முட் ஹாஸ் ஆய்வின் வழிப் பெறப்படுவது. 143 மில்லிநொடியோ விரைந்த பேச்சில் ஓர் அசையின் கால அளவை நெருங்குவது. கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் மாத்திரைக்கு அளவாக வைத்த தொல்காப்பிய மரபில் சொல்வதாயின், ஒரு குழாயின் எழுத்து மற்றொரு குழாயின் அடுத்த எழுத்தின்மேல் விழுந்து இரண்டும் கெடுகின்றன.

இதற்குத் தீர்வு ராக் இசை வரலாற்றிலேயே உண்டு. 1969 ஆகஸ்டில் நடந்த உட்ஸ்டாக் விழாவில் பில் ஹான்லி ஒலிபெருக்கிகளைக் கோபுரங்களில் உயர்த்தினார். இயற்கையான சரிவுநிலமும் அவருக்குத் துணைநின்றது. 1973 ஜூலை 28இல் வாட்கின்ஸ் கிளென் நிகழ்ச்சியில் பின்னிருப்போருக்கெனத் தனிக் கோபுரங்கள் நிறுவி, மேடையொலி அங்கு வந்துசேரும் நேரமளவுக்கு அவற்றின் ஒலியை மின்கருவியால் தாமதப்படுத்தினர். அன்று அரிதாயிருந்த அவ்வசதி இன்றைய எண்முறை மிக்சர்களில் பரவலாக உள்ளது. தொலைவை மீட்டரில் அளந்து 349ஆல் வகுத்தால் தாமதம் நொடியில் கிடைத்துவிடும். இந்த எளிய கணக்குச் செய்யப்படாமலே பல விழாத்தெருக்கள் முழங்குகின்றன.

குலசை தசராவில் வேறொரு சிக்கலும் சேர்கிறது. வேடம் புனைந்த குழுக்கள் தத்தம் மேளத்தோடு நடமாடுவதால் அங்கே ஒலிமூலம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அவ்விழாவுக்கு மேடையரங்கின் இலக்கணம் முழுதும் பொருந்தாது. பொருத்த முயல்வதும் விழாவின் இயல்பறியாமையாகும்.

அமர்வும் நிற்பும்

சமதரையில் மணல்மீது அமர்ந்த அவைக்குத் தாழ்ந்த மேடையிலிருந்து வரும் ஒலி தலைகளை உரசியபடியே செல்கிறது. இவ்வாறு உரசிச்செல்லும் ஒலியில் 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி இருக்கை வரிசைகளால் பெரிதும் தேய்வதை 1964இல் வெளியான இசையரங்க ஆய்வுகள் கண்டறிந்தன. ஆண்குரலின் அடிநாதமும் மிருதங்கத் தொப்பியின் கனமும் அப்பகுதியைச் சார்ந்தவை. அவையோர் எழுந்து நின்றாலோ முன்னிருப்பவர் உடல் உயர் அதிர்வெண்களை மறைக்கிறது. ஆடத்தூண்டும் பாட்டு வந்ததும் முன்வரிசையினர் எழ, பின்வரிசையினர் சொற்களை இழக்கின்றனர்.

படிவரிசைகள் இதற்கு மாற்று. ஆண்டுதோறும் ராக் இரவு நடைபெறும் சென்னை ஐ.ஐ.டி. சாரங் விழாவின் திறந்தவெளி அரங்கம் வில்வடிவப் படிகளால் ஆனது. ஒவ்வொரு வரிசைக்கும் மேடை நேரே தெரிகிறது; தெரியுமிடத்துக்கு ஒலியும் தடையின்றிச் செல்கிறது. கிரேக்க எபிடாரசு அரங்கின் புகழுக்கும் இச்சரிவே அடிப்படை. 2023 செப்டம்பர் 10இல் சென்னையை அடுத்த பனையூரில் சமநிலத்தில் நிகழ்ந்த ஏ.ஆர். ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சியில் இடநெரிசலோடு ஒலி சரிவரக் கேட்கவில்லை என்ற குறையும் எழுந்தது நினைவுகூரத்தக்கது. அவையைப் பகுத்து அமர்த்துவதும் ஒலியமைப்பின் ஒரு பகுதியே.

சரிவு இல்லாதவிடத்து ஒலிபெருக்கியை உயர்த்துவதே வழி. ஒலிமூலத்திலிருந்து தொலைவு இரட்டிக்குந்தோறும் ஒலி 6 டெசிபல் குறையும். செவி மட்டத்தில் வைத்த பெட்டியிலிருந்து முதல்வரிசை 5 மீட்டரிலும் கடைசி வரிசை 80 மீட்டரிலும் இருந்தால் வேறுபாடு 24 டெசிபல். பின்வரிசைக்கு 90 டெசிபல் எட்டவேண்டுமெனில் முன்வரிசை 114 டெசிபலைத் தாங்கவேண்டும். அதே பெட்டியைச் செவி மட்டத்திலிருந்து 8 மீட்டர் உயர்த்தினால் முன்வரிசைத் தொலைவு 9.4 மீட்டராகி வேறுபாடு 19 டெசிபலுக்குள் அடங்குகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட நெறிமுறை, 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைக் கடக்கலாகாது என்கிறது. இங்கு முன்வரிசையில் மணலில் அமர்பவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள் என்பதால் இக்கணக்கு வெறும் கணக்காக நின்றுவிடுவதில்லை.

தாழொலிப் பெட்டிகளை மேடையின் இருபுறமும் அடுக்கும் வழக்கமும் ஆராயத்தக்கது. 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 5.8 மீட்டர். 12 மீட்டர் இடைவெளியில் இரு அடுக்குகள் இருக்க, 30 மீட்டர் பின்னே நடுக்கோட்டில் நிற்பவருக்கு இரண்டின் ஒலியும் ஒன்றுகூடி நெஞ்சதிரும். அவர் ஏழரை மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், ஒன்றன் பாதை மற்றொன்றைவிட அரை அலைநீளம் மிகுந்து, இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். நடுவில் ஆண்களும் ஒருபுறத்தில் பெண்களும் அமரும் அவைகளில் ஒரே பாடலை இரு சாராரும் வெவ்வேறாகக் கேட்கின்றனர். பெட்டிகளை மேடைக்கு முன்னே நடுவில் ஒன்றாகச் சேர்த்து வைப்பின் இவ்வேறுபாடு பெரிதும் நீங்கும்.

மண்டபத்தின் எதிர்முழக்கம்

மழைக்காலத்தில் நிகழ்ச்சிகள் திருமண மண்டபங்களுக்குள் புகுகின்றன. 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் 8 மீட்டர் உயரமும் உள்ள, பளிங்குத் தரையும் வழுவழுப்பான சுவரும் கொண்ட ஒரு மண்டபத்தைக் கணக்கிற்காகக் கொள்ளலாம். அதன் பரப்புகள் தம்மேல் விழும் ஒலியில் 5 விழுக்காட்டை உறிஞ்சுவதாகக் கொண்டால், சபைன் வாய்பாட்டின்படி வெறுமையான மண்டபத்தில் எதிர்முழக்க நேரம் 8 நொடி. 800 பேர் நிறைந்ததும் நடுத்தர அதிர்வெண்களில் அது 2 நொடியாகிறது. ஆனால் மனித உடல் தாழொலியை மிகக் குறைவாகவே உறிஞ்சுவதால் அங்கே 4 நொடி வரை நீடிக்கும். டென்மார்க்கின் 20 ராக் அரங்குகளை ஆராய்ந்து அடெல்மன்-லார்சன் 2010இல் வெளியிட்ட ஆய்வு, 1000 முதல் 6000 கனமீட்டர் வரையிலான அரங்குகளுக்கு 0.6 முதல் 1.2 நொடி தகும் என்றது. தாழொலியின் நீட்சியே அரங்கைக் கெடுப்பது என்பதையும் வலியுறுத்தியது. மண்டபத்தில் டிரம்ஸின் ஓர் அடி அடங்குமுன் அடுத்த நான்கு அடிகள் விழுவதன் விளக்கம் இதுவே. சன்னல்களையெல்லாம் திறந்துவிடுவது அரங்கிற்கு நன்மை. அண்டை வீட்டாருக்கு அவ்வாறன்று.

திசையும் நேரமும்

மேற்கண்டவற்றை இக்கரைக்குப் பொருத்தினால், நிலப்புறம் மேடையும் கடலை நோக்கிய ஒலிபெருக்கிகளும் இடையில் அவையும் அமைவது தக்கது. கச்சான் பருவத்தில் காற்று அவ்வமைப்புக்கு இசைவாக வீசும். புரட்டாசியில் பின்னிரவின் நிலக்காற்றும் அவ்வாறே. அவையைக் கடந்த ஒலி குடியிருப்புகளை விட்டுக் கடலுக்குச் செல்வதால், விடியுமுன் மரமேறிக் கடலுக்குப் போவோரின் உறக்கமும் ஓரளவு காக்கப்படும். தடை ஒன்றுண்டு. கடற்காற்று முன்னிரவிலும் நீடிக்கும் நாள்களில் இம்மேடைக்கு அதுவே எதிர்க்காற்று. காற்று திரும்பி ஒலி நன்கு செல்லத் தொடங்கும் நேரமோ பெரும்பாலும் இரவு 10 மணிக்குப் பிந்தியது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளி ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் விழாக்களுக்கென நள்ளிரவு 12 வரை தளர்த்தும் உரிமை மாநில அரசுக்கு உண்டு. அத்தளர்வு இல்லாத நாள்களில் முன்னிரவின் எதிர்க்காற்றிலேயே பாடியாகவேண்டியிருப்பதால், அவையின் நடுவே தாமதம் கணக்கிட்டு நிறுத்தும் ஓரிரு கோபுரங்கள் இக்கரைக்கு இன்றியமையாதவை.