தறியின்மேல் பழிபோடலாமா?

பட்டுச் சேலைக்குப் பெயர்பெற்ற ஆரணியில் வாழும் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. முதுகு வலித்தால், குழித்தறியில் உட்கார்ந்ததால் என்கிறோம். கண் மங்கினால், ஜரிகையைப் பார்த்துப் பார்த்து என்கிறோம். உடல் சோர்ந்தால், முகூர்த்த நாள் வேலை நெருக்கடி என்கிறோம். பல நேரங்களில் அது உண்மைதான். ஆனால் ஓய்வெடுத்தும் போகாத துன்பத்திற்கும் தறியே காரணம் என்று நாமே தீர்ப்பிடலாமா?

சோர்வு ஒன்றுதான், அதன் காரணங்களோ பல. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, மனச்சோர்வு ஆகிய எல்லாமே சோர்வாக வெளிப்படலாம். அதோடு அதிக தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் சர்க்கரை நோயா என்று பார்க்க வேண்டும். எளிய இரத்தப் பரிசோதனையே இவற்றில் பலவற்றைக் காட்டிவிடும்.

வலியே இல்லாத அறிகுறி நம்மை இன்னும் ஏமாற்றும். 1873-இல் மொலோக்காய் தீவுக்குச் சென்று தொழுநோயாளரிடையே பணிபுரிந்தவர் புனித தமியான். 1884-இல் கொதிநீரில் கால் வெந்தும் அவருக்குச் சுடவில்லை. அன்று அந்நோய்க்குத் தகுந்த மருந்து இல்லை; 1889-இல் அவர் இறந்தார். இன்று 6 முதல் 12 மாதக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொழுநோயைக் குணமாக்குகிறது. அது இலவசமாகவும் கிடைக்கிறது. எனவே தோலில் உணர்ச்சியற்ற தேமல் தோன்றினாலோ, இழையைப் பிடிக்க முடியாதபடி விரல் மரத்தாலோ காலம் தாழ்த்த வேண்டாம். விரல் மரப்பதற்கு நரம்பு அழுத்தமும் சர்க்கரை நோயும்கூடக் காரணமாகலாம்.

எப்போது மருத்துவரிடம் செல்வது? இருமல் 2 வாரத்தைத் தாண்டினால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை தேவை. அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வாய்ப்புண் 3 வாரத்தில் ஆறாவிட்டாலும், காரணமின்றி எடை குறைந்தாலும், உடலில் புதிதாகக் கட்டி தென்பட்டாலும், மாதவிலக்கு நின்ற பின் இரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும். நெஞ்சை அழுத்தும் வலி, மூச்சுத்திணறல், திடீரென வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல் ஆகியவற்றிற்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

பரிசோதனையில் எதுவும் தெரியாமல் போவதும் உண்டு. அப்போது, "எல்லாம் நடிப்பு" என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். மாற்கு நற்செய்தியில் 12 ஆண்டுகள் இரத்தப்போக்கினால் துன்புற்ற பெண், மருத்துவர் பலரிடம் சென்று, உள்ளதையெல்லாம் செலவழித்தும் குணமடையாதவர். இயேசு அவரை அலட்சியம் செய்யவில்லை. நெருக்கும் கூட்டத்தின் நடுவிலும் நின்று அவர் கூறியதைக் கேட்டார். காரணம் தெரியாததால் வலி பொய்யாகிவிடாது. என்றைக்குத் தொடங்கியது, எப்போது கூடுகிறது, என்ன மருந்து சாப்பிட்டோம் என்பதைக் குறித்துக்கொண்டு மீண்டும் அதே மருத்துவரிடம் செல்வோம். கடன் கவலையும் மனவேதனையும் உடல்வலியாக வரலாம். அதையும் கூச்சமின்றிச் சொல்வோம்.

பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்ட பின்பே நெய்கிறோம். சேலைக்குக் காட்டும் அந்தக் கவனத்தை, இறைவன் தந்த நம் உடலுக்கும், நம் வீட்டில் வாய்திறவாமல் வலி தாங்குவோருக்கும் காட்டுவோமா?